என்.எம்.ஆர் காந்தப்புலத்தைச் சீராக்குவது எப்படி: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலாவெளி கோணேசபுரி வளாகத்தில் இரசாயனமும் பௌதிகவியலும் படிப்பவர்கள், சித்த மருத்துவ மூலிகைகளிலிருந்து சேர்வைகளைப் பிரித்தெடுப்பவர்கள், இங்கிருந்து மேற்படிப்புக்குப் போனவர்கள் எனப் பலரும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாக்கியிருக்கிறேன். என்.எம்.ஆர் என்பது அணுக்காந்தப் பரிவு: பலமான காந்தத்துக்குள் அணுக்கருக்கள் எந்த மீடிறனில் பரிவடைகின்றன என்று அளந்து மூலக்கூறின் அமைப்பை அறியும் முறை. பெரும்பாலும் இவர்கள் மாதிரியை இங்கே தயார்செய்து, இரவு பஸ்ஸில் வெளியூர் ஆய்வுகூடம் ஒன்றுக்குக் கொண்டுபோய்த்தான் அளக்கிறார்கள். கருவி கையில் இருப்பது கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் காந்தப்புலம் சீராகவில்லையென்றால் வீட்டுக்கு வருவது அகன்று குழம்பிய ஒரு நிறமாலை. அதைத் தவிர்க்கத்தான் இந்தப் பக்கம்.

காந்தப்புலம் சீராக இருக்க வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு சீராக?

400 மெகாஹேர்ட்ஸ் கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் காந்தம் 9.4 டெஸ்லா. ஒரு டெஸ்லாவுக்குப் புரோத்தன் 42.577 மெகாஹேர்ட்ஸில் பரிவடையும். பெருக்கிப் பார்த்தால் 400 வரும். பென்சீன் வளையத்தில் ஒரு காபன் தள்ளி இருக்கும் இரண்டு ஐதரசன்களுக்கு இடையிலான தாக்கம் நிறமாலையின் பீக்கை, அதாவது கூம்பை, 2 ஹேர்ட்ஸ் அளவுக்குத்தான் பிளக்கும். அந்தப் பிளவு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய, பீக்கின் அகலம் அரை ஹேர்ட்ஸ் பக்கம் இருக்க வேண்டும். 400 மில்லியனில் அரை என்றால் 80 கோடியில் ஒரு பங்கு.

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு வீதி வழியே ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அந்த முழுத் தூரத்தையும் அளந்து, பிழையை மூன்றில் ஒரு மில்லிமீற்றருக்குள் வைத்திருப்பதற்குச் சமம் இது. மாதிரிக் குழாயின் ஏதோ ஒரு புள்ளியில் மட்டும் இப்படி இருந்தால் போதாது. சமிக்ஞையைப் பிடிக்கும் சுருள் பார்க்கும் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் உயரமான கரைசல் முழுவதிலும் இந்தச் சீர்மை வேண்டும். மேலே இருக்கும் மூலக்கூறு ஒரு மீடிறனிலும் கீழே இருக்கும் அதே மூலக்கூறு இன்னொரு மீடிறனிலும் பாடினால், கருவி இரண்டையும் கூட்டி ஒரு தடித்த பீக்காகத்தான் காட்டும்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காந்தம் ஏன் தானாகவே சீராக இல்லை?

ஹீலியத் திரவத்தில் மூழ்கியிருக்கும் மீக்கடத்திச் சுருளை எவ்வளவு நுணுக்கமாகச் சுற்றினாலும் அதில் சின்னச் சின்னக் குறைகள் இருக்கும். கருவியை நிறுவும்போதே, ஹீலியத்துக்குள் இருக்கும் மீக்கடத்தி ஷிம் சுருள்களால், அதாவது புலத்தைத் திருத்தும் சுருள்களால், பெரிய குறைகளைத் தீர்த்துவிடுவார்கள். கட்டடத்தின் இரும்பு, அளக்கும் சுருளைத் தாங்கிக் குழாயைச் சுற்றி நிற்கும் புரோப்புக்குள் இருக்கும் உலோகங்கள் எல்லாம் மிச்சக் கோணல்களைக் கொடுக்கும். இவையெல்லாம் நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை.

மாறுவது உங்கள் குழாய். இந்த முழுப் பக்கத்திலும் ஒரே ஒரு விடயத்தை மட்டும் நினைவில் வைத்திருக்க முடியுமென்றால் இதை வைத்திருங்கள். ஒவ்வொரு பொருளும் தன்னை ஊடுருவும் காந்தப்புலத்தை மிகச் சிறிதளவு மாற்றும். அந்த அளவைத்தான் காந்த ஏற்புத்திறன் என்கிறோம். தண்ணீருக்கு அது ஏறத்தாழ மைனஸ் 9 பி.பி.எம் (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு), காற்றுக்கு ஏறத்தாழ பிளஸ் 0.4 பி.பி.எம். ஆகவே கரைசல் முடிந்து காற்று தொடங்கும் இடத்தில் புலம் பி.பி.எம் கணக்கில் வளைகிறது. நமக்குத் தேவையான சீர்மையோ அதைவிட ஆயிரம் மடங்கு நுணுக்கமானது. நீளமான, ஒரே மாதிரியான உருளையின் நடுப்பகுதியில் இந்த வளைவு எட்டாது, நுனிகளில்தான் இருக்கும். கரைசலின் உயரத்தைப் பற்றி ஆய்வுகூடங்களில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஷிம் பண்ணும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

பழைய இரும்புக் காந்தங்களில் துருவ முகங்களுக்குப் பின்னால் ஷிம் எனப்படும் மெல்லிய உலோகத் தகடுகளைச் செருகிப் புலத்தைச் சரிசெய்தார்கள். 1951இல் ஆர்னோல்ட், தர்மத்தி, பக்கார்ட் ஆகிய மூவரும் எதனோலுக்கு ஒரு பீக் அல்ல, மூன்று பீக்குகள் உண்டு என்று காட்டினார்கள். மீதைல், மெதிலீன், ஐதரொட்சில் ஆகிய மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தது, புலம் அந்தளவுக்குச் சீரானதால்தான். இந்த மூவரில் தர்மத்தி இந்தியர். பிறகு மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றினார். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

தகடுகளின் இடத்துக்கு மின்சுருள்களைக் கொண்டுவந்தது மார்சல் கோலே, 1958இல். 1961இல் வெஸ்டன் அண்டர்சன் அதை இன்னும் விரிவாக்கினார். எண்ணம் எளியது. மின்னோட்டம் இல்லாத வெளியில் காந்தப்புலம் லப்லாஸ் சமன்பாட்டுக்குக் கட்டுப்படும். ஆகவே எந்தக் கோணலான புலத்தையும் குறிப்பிட்ட சில அடிப்படை வடிவங்களின் கூட்டாக எழுதலாம். அந்த வடிவங்கள் கோள ஒத்திசைச் சார்புகள். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு சுருள் செய்து, அதில் போகும் கரண்டைக் கூட்டிக் குறைத்தால், புலத்தில் இருக்கும் அந்த வடிவக் குறையை எதிர்ப்புறமாகத் தள்ளி அழித்துவிடலாம்.

குழாயின் அச்சு வழியே மாறுபவை இசட் 1, இசட் 2, இசட் 3 என்று போகும். பக்கவாட்டில் மாறுபவை எக்ஸ், வை, எக்ஸ்-இசட், வை-இசட், எக்ஸ்-வை போன்றவை. கணினித் திரையில் நீங்கள் சொடுக்கும் ஒவ்வொரு பொத்தானும் இவற்றில் ஒரு சுருளின் கரண்ட்.

பீக்கின் வடிவத்தைப் பார்த்தே எந்த ஷிம் பிழை என்று சொல்ல முடியுமா?

முடியும். கைக்கு வந்துவிட்டால் கருவியின் முன்னால் இருப்பதே வேறு அனுபவம். மனப்பாடம் செய்வதைவிடக் காரணத்தை விளங்கிக்கொள்வது நல்லது.

இசட் 1 பிழை என்றால் குழாயின் மேல்பாதியில் புலம் கூடி, கீழ்ப்பாதியில் குறைகிறது. பாதி மூலக்கூறுகள் வலப்புறம், பாதி இடப்புறம் விலகும். ஆகவே பீக் இரண்டு பக்கமும் சமமாக அகலும்.

இசட் 2 வேறு மாதிரி. அது நடுவிலிருந்து மேலே போனாலும் கீழே போனாலும் ஒரே திசையில்தான் புலத்தை மாற்றும். மேல்நுனியும் கீழ்நுனியும் ஒரே பக்கம் விலகுவதால் பீக்கின் ஒரு பக்கம் நேராக நிற்க, மறுபக்கம் வால் நீளும். எந்தப் பக்கம் வால் என்பது கரண்டின் குறியைப் பொறுத்தது. உங்கள் கருவியில் இசட் 2ஐ வேண்டுமென்றே ஒருமுறை கூட்டியும் ஒருமுறை குறைத்தும் பாருங்கள். வால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தாவும். அதைக் கண்ணால் கண்டவர்கள் பிறகு மறப்பதில்லை.

இசட் 3 மறுபடி இரண்டு பக்கத்தையும் பாதிக்கும். ஆனால் நடுவில் அதன் பாதிப்பு மிகக் குறைவு, நுனிகளில் அதிகம். அதனால் பீக்கின் உச்சி கூர்மையாகவே இருக்க, அடிப்பகுதி மட்டும் பாவாடை விரித்ததுபோல் அகலும். இசட் 4 பிழையில் அதே அடிப்பகுதி ஒரு பக்கம் மட்டும் கால் நீட்டும். பொதுவாக எண் கூடக் கூடக் கோளாறு அடிக்கு இறங்கும். இரட்டை எண் என்றால் ஒரு பக்கம், ஒற்றை எண் என்றால் இரண்டு பக்கம்.

எக்ஸ், வை வகையறாக்கள் குழாயைச் சுழற்றாமல் அளக்கும்போது பீக்கைப் பொதுவாக அகட்டும். சுழற்றினால் பக்கப் பீக்குகளாகத் தெரியும். அதைக் கீழே சொல்கிறேன்.

கையால் ஷிம் பண்ணுவதற்கு ஒழுங்கான முறை எது?

முதல் வேலை, அதே புரோப்புக்கும் முடிந்தால் அதே கரைப்பானுக்கும் முன்பு சேமித்த நல்ல ஷிம் கோப்பை ஏற்றுவது. முதல் ஆள் விட்டுப்போன நிலையிலிருந்து தொடங்காதீர்கள். அவருடைய குழாய் வேறு, உங்களுடையது வேறு.

அப்புறம் லொக், அதாவது புலம் நகராமல் பூட்டிவைப்பது. கரைப்பானில் இருக்கும் தியூத்தீரியத்தின் (கன ஐதரசனின்) சமிக்ஞையைத்தான் கருவி பிடித்துக்கொண்டிருக்கும். 400 மெகாஹேர்ட்ஸ் கருவியில் அது 61.4 மெகாஹேர்ட்ஸ். புலம் சீராகச் சீராக அந்தப் பீக் உயரமாகும், லொக் மட்டமும் ஏறும். ஆகவே லொக் மட்டத்தை ஏற்றுவதுதான் ஷிம் வேலை என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். சரிதான், ஆனால் இரண்டு இடத்தில் அது ஏமாற்றும். லொக் வலு அதிகமானால் தியூத்தீரியம் நிறைவுற்று மட்டம் மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தை ஷிம் என்று நினைத்துப் பொத்தானைத் தட்டிக்கொண்டிருப்போம். வலுவைக் குறையுங்கள், ஆட்டம் நிற்கும். லொக் கட்டம், அதாவது பேஸ், பிழையாக இருந்தாலும் மட்டம் உச்சத்தில் நிற்கும் இடமும் புலம் சீரான இடமும் ஒன்றாக இராது. முதலில் கட்டத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் ஷிம்மைத் தொட வேண்டும்.

பிறகு இசட் 1, இசட் 2 இரண்டையும் மாறி மாறித் தொடுங்கள். இசட் 2ஐ ஒரு படி நகர்த்தினால் இசட் 1ஐ மறுபடி உச்சத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் அந்தப் படி நல்லதா கெட்டதா என்று முடிவெடுக்க வேண்டும். காரணம், கோட்பாட்டில் இந்தச் சுருள்கள் ஒன்றையொன்று தொடாதவை. ஆனால் உண்மைக் குழாய் சரியாக நடுவில் இருப்பதில்லை, சுருளும் இலட்சியச் சுருள் அல்ல. ஒன்றை அசைத்தால் மற்றதும் கொஞ்சம் அசையும். இசட் 3ஐத் தொட்டால் இசட் 1ஐயும், இசட் 4ஐத் தொட்டால் இசட் 2ஐயும் திரும்பப் பார்க்க வேண்டும்.

பலர் மாட்டிக்கொள்வது போலி உச்சங்களில். எந்தப் பக்கம் போனாலும் மட்டம் குறைகிறது, ஆனால் பீக் இன்னும் அசிங்கமாகவே இருக்கிறது என்றால் நீங்கள் ஒரு சின்ன மேட்டில் நிற்கிறீர்கள். இசட் 2ஐத் துணிந்து தூரமாக நகர்த்தி, மட்டம் விழுந்தாலும் பொறுத்து, இசட் 1ஐத் தேடுங்கள். இந்த ஏற்ற இறக்கத்தைக் கணினியே செய்யும் சிம்பிளெக்ஸ் முறையை ரிச்சர்ட் ஏர்ன்ஸ்ட் 1968இலேயே எழுதிவிட்டார். இப்போதும் பல கருவிகளில் தானியங்கி ஷிம் அந்த அடிப்படையில் ஓடுகிறது.

கிரேடியன்ட் ஷிம் பொத்தான் இருக்கிறதே. அதை அழுத்தினால் போதாதா?

பெரும்பாலான நாட்களில் போதும். மனமாரச் சொல்கிறேன், நல்ல மாதிரி கையில் இருந்தால் அதை அழுத்திவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

அது 1990களின் நடுப்பகுதியில் பரவலான முறை. வேண்டுமென்றே ஒரு நேர்கோட்டுப் புல மாற்றத்தைக் கொடுத்தால், குழாயின் ஒவ்வொரு உயரமும் ஒவ்வொரு மீடிறனில் தெரியும். அதாவது குழாயின் படம் கிடைக்கும். வெவ்வேறு காத்திருப்பு நேரத்தோடு இரண்டு படம் எடுத்து, இரண்டுக்கும் இடையில் ஒவ்வொரு உயரத்திலும் கட்டம் எவ்வளவு மாறியது என்று பார்த்தால், அந்த உயரத்தில் புலம் எவ்வளவு பிழை என்று நேரடியாகத் தெரிந்துவிடும். ஒவ்வொரு ஷிம் சுருளும் என்ன வடிவத்தைத் தரும் என்பது ஏற்கெனவே அளந்து வைத்திருப்பதால், தேவையான கரண்டுகளைக் கணக்குப்போட்டே ஒரேயடியாகப் போட்டுவிடும்.

கரைசல் உயரம் குறைவாக இருந்தாலோ, சூடேற்றிய குழாயில் திரவம் மேலும் கீழும் சுழன்றுகொண்டிருந்தாலோ, கரைப்பானில் இரண்டு மூன்று தியூத்தீரியப் பீக் இருந்தாலோ அந்தப் படம் குழம்பும். தியூத்தீரிய மெதனோல் அப்படிப்பட்டது. அதோடு, சாதாரணமாக இது இசட் வரிசையை மட்டும்தான் சரிசெய்யும். எக்ஸ், வை பிழை மிச்சமிருந்தால் கையால்தான் தொட வேண்டும்.

மாதிரியை இங்கேயே தயார்செய்து கொண்டுபோகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

இதில்தான் நீங்கள் வெல்கிறீர்கள் அல்லது தோற்கிறீர்கள். 5 மில்லிமீற்றர் குழாயில் 0.55 முதல் 0.6 மில்லிலீற்றர் கரைசல். அடியிலிருந்து அளந்தால் 4 முதல் 5 சென்ரிமீற்றர் உயரம் வர வேண்டும். மாதிரி கொஞ்சம்தான் இருக்கிறது, செறிவு குறையக் கூடாது என்று 0.3 மில்லிலீற்றரில் நிறுத்திவிட்டால், கரைசலின் மேல்நுனி சுருளுக்கு மிக அருகில் வந்துவிடும். எந்த ஷிம்மாலும் அதை முழுதாகத் திருத்த முடியாது. செறிவு பாதியானால் கூடுதல் நேரம் அளந்து ஈடுகட்டலாம். புலம் கெட்டால் ஈடுகட்ட வழியில்லை. மாதிரி உண்மையிலேயே மிகக் குறைவென்றால், கரைப்பானின் ஏற்புத்திறனுக்குப் பொருந்தும் கண்ணாடியால் மேலும் கீழும் அடைத்த ஷிகேமி குழாய் இருக்கிறது. விலை கூடியது, ஆனால் வேலை செய்யும்.

வடிகட்டாமல் எதையும் குழாயில் ஊற்றாதீர்கள். பாஸ்ச்சர் பிப்பெற்றின் கழுத்தில் கொஞ்சம் கண்ணாடிப் பஞ்சை இறுக்கமில்லாமல் அடைத்து, அதன் வழியே கரைசலை இறக்கினால் போதும். மூலிகைச் சாறுகளுக்கு இது கட்டாயம். நிலவேம்போ மஞ்சளோ, காய்ச்சி வற்றவைத்த சாற்றில் கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகள் மிதக்கும். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிப் புலத்தை வளைக்கும். குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கரைசல் தெளிந்த தேநீர்போல ஒளிர வேண்டும். புகைபோல ஏதாவது நகர்ந்தால் மறுபடி வடிகட்டுங்கள்.

குழாயும் முக்கியம். வளைந்தது, கீறல் விழுந்தது, அடுப்பில் அதிக சூட்டில் காயவைத்து நெளிந்தது எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் ஒன்று: கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். தியூத்தீரிய டி.எம்.எஸ்.ஓ என்ற கரைப்பான் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு கதைக்காதீர்கள். அது புலத்தைக் கெடுக்காது, நிறமாலையின் நடுவில் தண்ணீர்ப் பீக்கைத்தான் வளர்க்கும்.

புல்மோட்டைப் பக்கம் எடுத்த மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் பிரித்த மாதிரி. பீக் எல்லாம் அகலமாக வருகிறது. ஏன்?

புல்மோட்டைக் கரை மண்ணில் இல்மனைற்று, ரூட்டைல், சேர்க்கோன் எல்லாம் இருப்பது ஊருக்கே தெரியும். இல்மனைற்று இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு. அதை மற்றக் கனிமங்களிலிருந்து பிரிப்பதற்குக் காந்தத்தையே பாவிக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு மணி உங்கள் குழாயின் அடியில் கிடந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, அந்த மண்ணின் மேல் இழுங்கள். பையில் கறுப்பு மயிர்போல மணிகள் எழுந்து நிற்கும். பையை உள்ளிருந்து வெளியே திருப்பினால் மணிகள் உதிர்ந்துவிடும். அந்த மணிகளில் மிக நுண்ணியவை கைவிரலிலும் ஸ்பற்றுலாவிலும் ஒட்டிக்கொண்டு மாதிரிக்குள் போகின்றன.

ஆகவே மண் கையாளும் மேசையும் குழாய் நிரப்பும் மேசையும் வேறாக இருக்கட்டும். பிரித்தெடுத்த கரைசலை மையநீக்கியில் சுழற்றி, 0.45 மைக்ரோமீற்றர் வடியில் இறக்குங்கள். குழாயை நிரப்பிய பிறகு, வலிமையான சின்ன நியோடைமியக் காந்தம் ஒன்றைக் குழாயின் வெளிப்புறத்தில் அடிப்பகுதியில் வைத்து மெதுவாக மேலே நகர்த்துங்கள். ஏதாவது மணி கூடவே ஏறி வந்தால் அந்தக் குழாயைக் கருவிக்குள் விடாதீர்கள். இந்தச் சோதனையை ஆய்வுகூடத்துக்கு வெளியே, பெரிய காந்தத்துக்குத் தூரமாகச் செய்யுங்கள். நியோடைமியக் காந்தத்தைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போகவே கூடாது.

இவ்வளவும் செய்தும் அகலம் போகவில்லையென்றால், இரும்பு துணிக்கையாக அல்ல, கரைந்த அயனாக இருக்கலாம். அது வேறு நோய். அடுத்த பதிலைப் பாருங்கள்.

பீக் அகலமாக இருப்பது புலத்தாலா, என் சேர்வையின் குணத்தாலா என்று எப்படிப் பிரித்தறிவது?

கரைப்பானின் மிச்சப் பீக்கையும், அளவுகோலின் பூச்சியப் புள்ளிக்காகச் சேர்க்கும் டி.எம்.எஸ் (தெத்திராமீதைல்சிலேன்) பீக்கையும் முதலில் பாருங்கள். உங்கள் சேர்வையைப் பார்க்கும் முன் அவற்றைப் பாருங்கள். மிச்சக் குளோரோபோமின் பீக் 7.26 பி.பி.எம்மில் ஒற்றையாக, ஒல்லியாக நிற்க வேண்டும். அதிலும் வால் இருக்கிறது, டி.எம்.எஸ்ஸிலும் அதே பக்கம் அதே நீளத்துக்கு வால் இருக்கிறது, உங்கள் சேர்வையிலும் அப்படியே என்றால் பிழை புலத்தில். புலத்தின் கோணல் எல்லாப் பீக்கிலும் ஒரே முத்திரையைக் குத்தும்.

மஞ்சளிலிருந்து பிரித்த குர்குமினை எடுத்துக்கொள்ளுங்கள். தியூத்தீரியக் குளோரோபோமில் அதன் மெதொட்சிப் பீக் 3.95 பக்கத்தில் ஒற்றையாக வரும். அது ஒல்லியாக இருந்து, ஐதரொட்சில் பீக் மட்டும் மேடாகப் படுத்திருந்தால் ஷிம்மைத் தொட வேண்டாம். அந்த ஐதரசன் இடம் மாறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கரைந்த இரும்பு, மங்கனீசு, செப்பு அயன்கள் பீக்குகளை அகட்டுவது தளர்வை, அதாவது சமிக்ஞை தேய்வதை, வேகப்படுத்துவதால். புலம் எவ்வளவு சீரானாலும் அது போகாது. லொக் மட்டமும் ஷிம்மும் நன்றாக இருந்தும், உலோகத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடிய கூட்டங்களுக்கு அருகிலுள்ள பீக்குகள் அதிகமாக அகன்றிருந்தால் அயனைச் சந்தேகியுங்கள். ஷிம்முக்கு மேல் ஷிம் போட்டுக் கருவி நேரத்தை வீணாக்காமல் மாதிரியைச் சுத்திகரிக்கத் திரும்புங்கள்.

குழாயைச் சுழற்ற வேண்டுமா?

குழாய் சுழன்றால் பக்கவாட்டுப் புலக் கோணல்கள் சராசரியாகி மறைந்துவிடும் என்பது 1954இல் பௌதிகவியலாளர் பீலிக்ஸ் பிளாக் முன்வைத்த யோசனை. வழக்கமான வேகம் நொடிக்கு 20 சுற்று. கோணல் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு பீக்கின் இரு பக்கமும் 20 ஹேர்ட்ஸ் தள்ளிக் குட்டிப் பீக் முளைக்கும். அப்போது எக்ஸ், வை, எக்ஸ்-இசட், வை-இசட் பக்கம் பாருங்கள். 40 ஹேர்ட்ஸ் தள்ளி வந்தால் எக்ஸ்-வை குடும்பம்.

இன்றைய கருவிகளில் சுழற்றாமல் அளப்பதே நல்லது என்பது என் கருத்து. இருபரிமாணப் பரிசோதனைகளில் சுழற்றவே கூடாது.

ஷிம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அளவுகோல் என்ன?

தியூத்தீரிய அசற்றோனில் கரைத்து மூடி உருக்கிய குளோரோபோம் குழாய் ஒன்று ஒவ்வொரு கூடத்திலும் இருக்கும். அதன் பீக்கின் அகலத்தைப் பாதி உயரத்தில் மட்டுமல்ல, 0.55 வீத உயரத்திலும் 0.11 வீத உயரத்திலும் அளப்பார்கள். 0.55 என்ற எண் எங்கிருந்து வந்தது? இயற்கைக் காபனில் 1.1 வீதம் காபன்-13. அது பிரதான பீக்கின் இரு பக்கமும் சமமாகப் பிரிந்து இரண்டு துணைப் பீக்காக நிற்கும், ஒவ்வொன்றும் 0.55 வீதம். அந்த உயரத்தில் பிரதான பீக்கின் அடி எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்பதுதான் உயர்வரிசை ஷிம்களின் பரீட்சை. பாதி உயர அகலம் அழகாக இருந்து அடி விரிந்திருந்தால், பெரிய கரைப்பான் பீக்கின் பக்கத்தில் இருக்கும் உங்கள் சின்னப் பீக் தொலைந்துபோகும்.

அன்றாட வேலைக்கு இவ்வளவு வேண்டாம். சமிக்ஞை தேய்வதைத் திரையில் பாருங்கள். அரை ஹேர்ட்ஸ் அகலம் என்றால் அது 0.64 நொடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும், வழுவழுப்பாக. நடுவில் இடுப்பு ஒடுங்கி மறுபடி வீங்கினால் ஷிம் முடியவில்லை.

கரண்ட் போனால் புலம் என்னாகும்? வெக்கை?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மீக்கடத்திக் காந்தம் அதற்கு அசையாது; ஒருமுறை ஏற்றிய கரண்ட், ஹீலியம் இருக்கும்வரை சுற்றிக்கொண்டேயிருக்கும். ஆனால் ஷிம் சுருள்களுக்கான மின்வழங்கி, லொக், குளிரூட்டி எல்லாம் நிற்கும். திரும்ப வந்தவுடன் ஷிம் பண்ணினால் சுருள்கள் சூடேறும்போது அது நகர்ந்துவிடும். கூடத்தின் வெப்பநிலை நிலைப்படும்வரை பொறுங்கள்.

மேசைமேல் வைக்கும் 60, 80 மெகாஹேர்ட்ஸ் கருவிகளில் நிலைக்காந்தம் இருக்கும். ஹீலியம் தேவையில்லை, நம் பக்கத்துக் கல்லூரிகளுக்கு என்றாவது வருமென்றால் இவைதான் வரும், வர வேண்டும் என்று நினைக்கிறேன். நியோடைமியக் காந்தத்தின் புலம் ஒரு பாகை சூடு கூடினால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு குறையும். அதனால் காந்தத்தை உள்ளேயே ஒரே வெப்பநிலையில் வைத்திருப்பார்கள். சித்திரை வெயிலில் யன்னலோரத்தில் அதை வைத்தால் ஷிம் ஒருநாளும் நிற்காது.

புலச் சீர்மையின் விளைவைத் திருகோணமலையிலேயே, பெரிய கருவி இல்லாமல் பார்க்க முடியுமா?

முடியும், பூமியின் காந்தப்புலத்தைப் பாவித்து. பக்கார்ட்டும் வரியனும் 1954இல் செய்தது இது. நம்மிடத்தில் அந்தப் புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. புரோத்தனின் மீடிறன் ஏறத்தாழ 1700 ஹேர்ட்ஸ், காதால் கேட்கக்கூடியது. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைச் சுற்றிச் சுருள் போட்டு, சில நொடிகள் சில அம்பியர் கரண்ட் கொடுத்து, சட்டென்று நிறுத்தி, அதே சுருளின் சமிக்ஞையைப் பெருக்கிக் கேட்க வேண்டும்.

காந்த நடுக்கோடு நமக்குப் பக்கத்தில் போவதால் இங்கே பூமியின் புலம் கிட்டத்தட்டக் கிடையாக, வடக்கு நோக்கி இருக்கிறது. சுருளின் அச்சு புலத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். ஆகவே போத்தலை நிமிர்த்தி வைத்தாலே போதும். ஐரோப்பாவில் இது நடக்காது, அங்கே புலம் நிலத்துக்குள் சரிந்து இறங்குகிறது.

தண்ணீரின் சமிக்ஞை தானாகத் தேய இரண்டு மூன்று நொடி எடுக்கும். வகுப்பறையில் செய்தால் ஒரு நொடியின் சிறு பகுதியிலேயே செத்துவிடும்: கொங்கிரீட் கம்பி, மேசைக் கால், கதவுச் சட்டம் எல்லாம் போத்தலின் ஒரு பக்கத்தில் ஒரு புலமும் மறுபக்கத்தில் இன்னொரு புலமும் வைக்கின்றன. திறந்த வெளிக்குப் போய், மோட்டார் சைக்கிளைத் தூரத்தில் நிறுத்திவிட்டு மறுபடி கேளுங்கள். ஒலி நீளும். ஒரு சைக்கிளை மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுவாருங்கள், ஒலி குறுகும். மின்கம்பிகளுக்கும் தூரமாகப் போங்கள். 50 ஹேர்ட்ஸின் மடங்குகள் ஒவ்வொரு 50 ஹேர்ட்ஸிலும் இரைவதால், உங்கள் சமிக்ஞை எங்கே விழுந்தாலும் 25 ஹேர்ட்ஸுக்குள் ஒரு இரைச்சல் இருக்கும்.

அளந்துவிட்டு ஊருக்கு வந்தபிறகுதான் ஷிம் சரியில்லை என்று தெரிகிறது. தரவைக் காப்பாற்ற முடியுமா?

ஓரளவுக்கு. எல்லாப் பீக்கிலும் ஒரே கோணல் என்பதால், ஒற்றையாக நிற்கும் டி.எம்.எஸ் பீக் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். இருப்பதையும் இருந்திருக்க வேண்டியதையும் ஒப்பிட்டுக் கிடைக்கும் திருத்தத்தை முழு நிறமாலைக்கும் கொடுக்கலாம். இதற்கு அந்தப் பீக் தனியாக, போதிய உயரத்தோடு நிற்க வேண்டும். பக்கத்தில் வேறு பீக் இருக்கக் கூடாது. குழாயில் ஒரு துளி டி.எம்.எஸ் சேர்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். திருத்தும்போது இரைச்சல் கூடும். தொலைந்த 2 ஹேர்ட்ஸ் பிளவு சில வேளை திரும்பி வரும், சில வேளை வராது. மூலத் தரவுக் கோப்பு, அதாவது தேயும் சமிக்ஞையே, கையில் இருக்க வேண்டும். அச்சடித்த படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். கோப்புறை முழுவதையும் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள்.